‘த்ரோ அவுட்’: பொருளும் பயன்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி அளித்துவரும் என்னிடம், ‘த்ரோ அவுட்’ என்ற வினையைப் பற்றிய ஐயங்களைக் கல்லூரி மாணவர்களும், பழைய மாமல்லபுரம் சாலை நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களும், உயர் நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர்களிடம் குமாஸ்தாக்களாக இருப்பவர்களும் தொடர்ந்து கேட்கிறார்கள். ஒருவரை ஓரிடத்திலிருந்து வெளியேற்றுவதைச் சொல்லும் இந்த வினையைப் பொருந்தாத இடத்தில் எழுதினால் ஒரு விண்ணப்பக் கடிதமே கெட்டுவிடும். சொல்ல வேண்டிய இடத்தில் தவிர்த்தால் நடந்த அநீதி மறைந்துவிடும். ஆகவே கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து, விடைகளை எழுதியிருக்கிறேன்.

1. ‘த்ரோ’ என்றால் எறிவது. அப்படியென்றால் ‘த்ரோ அவுட்’ என்பது வெளியே எறிவதா? ஆளை எப்படி எறிய முடியும்?

ஆங்கிலத்தில் ஒரு வினையோடு ‘அவுட்’, ‘அப்’, ‘ஆஃப்’ போன்ற சிறு சொல் சேர்ந்து, இரண்டும் தனித்தனியே தராத பொருளைத் தருமானால் அந்த இணையை ‘ஃபிரேசல் வெர்ப்’ என்கிறார்கள். ‘த்ரோ அவுட்’ ஆட்களைக் குறித்து வரும்போது, ஒருவரை ஓர் இடத்தையோ அமைப்பையோ விட்டு அவருடைய விருப்பத்துக்கு மாறாக வெளியேற்றுவது என்று பொருள். ‘தே த்ரூ ஹிம் அவுட்’ என்றால் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்; கையால் தொட்டிருக்கக்கூட வேண்டியதில்லை.

நாமும் ‘வேலையிலிருந்து தூக்கிட்டாங்க’, ‘டீமை விட்டுத் தூக்கிட்டாங்க’ என்று அன்றாடம் சொல்கிறோம். அங்கே யாரும் யாரையும் தூக்குவதில்லை என்பது கேட்பவருக்குத் தெரியும். அதே தெளிவோடு ஆங்கில வினையையும் அணுகினால் போதும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: வெளியேறுபவருக்கு அதில் விருப்பம் இருக்கக் கூடாது. தானாக விலகியவரைப் பற்றி இந்த வினையைச் சொல்ல முடியாது. கீழுள்ள பல விடைகள் இந்த நிபந்தனையைச் சார்ந்தே அமைகின்றன.

2. இறந்த காலத்தில் ‘த்ரோட் அவுட்’ என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. ‘த்ரோ’, ‘த்ரூ’, ‘த்ரோன்’ என்பவையே அதன் மூன்று வடிவங்கள். ‘வழியாக’ என்ற பொருளுடைய ‘த்ரூ’வும் இறந்தகால ‘த்ரூ’வும் ஒரே ஒலி கொண்டவை, அதேபோல் ‘அரியணை’ என்ற பொருளுடைய ‘த்ரோன்’ என்ற சொல்லும் மூன்றாம் வடிவத்தைப் போலவே ஒலிக்கும். எழுத்துகள் வேறு வேறு என்பதால், காதால் மட்டும் கேட்டுப் பழகியவர்கள் எழுதும்போது இவற்றில் தடுமாறுகிறார்கள். ஒவ்வொன்றையும் நாலைந்து முறை எழுதிப் பார்த்துவிடுங்கள்.

3. ‘தே த்ரூ அவுட் ஹிம்’ என்று எழுதினால் அடித்துத் திருத்துகிறார்கள். ‘தே த்ரூ அவுட் தி மேன்’ என்றால் விட்டுவிடுகிறார்கள். இது என்ன கணக்கு?

வினையையும் ‘அவுட்’டையும் பிரித்து நடுவில் செயப்படுபொருளை வைக்கலாம் என்பது இந்த வினையின் இயல்பு. பெயர்ச்சொல்லாக இருந்தால் நடுவிலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம்: ‘தே த்ரூ தி மேன் அவுட்’, ‘தே த்ரூ அவுட் தி மேன்’ இரண்டும் சரி. ‘ஹிம்’, ‘ஹெர்’, ‘தெம்’, ‘மீ’, ‘இட்’ போன்ற பிரதிப்பெயராக இருந்தால் நடுவில் மட்டுமே வர வேண்டும். இந்த விதிக்கு விலக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

காரணம் ஒலியில் இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தின் இறுதியில் இயல்பாக அழுத்தம் விழும். ‘அவர்’ யார் என்பது முன்பே தெரிந்த செய்தி என்பதால் பிரதிப்பெயர் அழுத்தமின்றி நடுவில் ஒதுங்கிக்கொள்கிறது. புதிய செய்தியான ‘அவுட்’ இறுதியில் அழுத்தம் பெறுகிறது. பேசும்போதும் ‘த்ரூ’வைவிட ‘அவுட்’டை ஓங்கிச் சொல்லிப் பாருங்கள். விதியை மனப்பாடம் செய்யாமலே சொல்வரிசை சரியாக வந்துவிடும். செயப்படுபொருள் மிக நீளமாக இருக்கும்போது அதைப் பின்னால் வைப்பதே நல்லது. இல்லாவிட்டால் ‘அவுட்’ வருவதற்குள் கேட்பவர் தொடக்கத்தை மறந்துவிடுவார்.

4. காலேஜிலிருந்து என்பதற்கு ‘அவுட் ஃப்ரம் காலேஜ்’ போட்டால் தவறா?

தவறு. ‘த்ரோன் அவுட் ஆஃப் காலேஜ்’ என்பதே வழக்கு. தமிழில் ‘இலிருந்து’ என்ற உருபைக் கண்டவுடன் ‘ஃப்ரம்’ என்று மாற்றிவிடும் பழக்கத்தால் இந்தப் பிழை வருகிறது. ‘கல்லூரியை விட்டு’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, அந்த ‘விட்டு’ வரும் இடத்தில் ‘அவுட் ஆஃப்’ வைத்துக்கொள்ளுங்கள். இடத்தின் பெயரைச் சொல்லாவிட்டால் ‘ஆஃப்’ வேண்டாம். ‘ஹி வாஸ் த்ரோன் அவுட்’ என்று நிறுத்திவிடலாம்.

‘பை தி காலேஜ்’, ‘ஆஃப் தி காலேஜ்’ இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. ‘பை’ வந்தால் வெளியேற்றியவர் யார் என்று பொருள். ‘ஆஃப்’ வந்தால் எதை விட்டு வெளியேற்றினார்கள் என்று பொருள்.

5. ‘சார் என்னை கெட் அவுட் பண்ணிட்டார்’ – இதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லலாமா?

‘கெட் அவுட்’ என்பது வெளியே போகிறவர் செய்யும் செயல். அதனால் ‘ஹி காட் அவுட் மீ’ என்ற வாக்கியம் ஆங்கிலத்தில் இல்லை. ஆசிரியர் ‘கெட் அவுட்’ என்று கத்தினார். விளைவாக அவர் உங்களை ‘த்ரூ அவுட்’ செய்தார். கோபமோ அவமதிப்போ இல்லாமல் வெளியே நிற்கச் சொல்லியிருந்தால் ‘சென்ட் மீ அவுட் ஆஃப் தி கிளாஸ்’ என்பது போதுமானது. பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் சொல்ல விரும்புவது இதைத்தான்.

6. ‘த்ரோ அவே’யும் ‘த்ரோ அவுட்’டும் ஒன்றுதானே?

குப்பை, பழைய செருப்பு, கெட்டுப்போன சாம்பார் ஆகியவற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆட்களுக்கு ‘அவுட்’ மட்டுமே. வாய்ப்பு, வாழ்க்கை, பணம் போன்றவற்றை வீணடித்தல் என்ற பொருளில் ‘அவே’ மட்டுமே: ‘ஹி த்ரூ அவே எ குட் சான்ஸ்’.

7. குழந்தை சாப்பிட்டதையெல்லாம் ‘த்ரோ அவுட்’ பண்ணுகிறது என்று டாக்டரிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

வாந்தி எடுப்பதற்கு ‘த்ரோ அப்’ என்று சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னதைக் கேட்டவர், குழந்தை தட்டில் உள்ளதை வெளியே வீசுகிறது என்று நினைத்திருப்பார். மருத்துவரிடம் ‘வாமிட்’ என்றே சொல்வது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது.

8. ‘டிசி கொடுத்து அனுப்பிட்டாங்க’ என்பதற்கு எது சரி – ‘எக்ஸ்பெல்’, ‘ரஸ்டிகேட்’, ‘டிஸ்மிஸ்’, ‘த்ரோ அவுட்’?

மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவதை நம் ஊரில் எல்லோரும் ‘டிசி கொடுத்துட்டாங்க’ என்று புரிந்துகொள்கிறோம். ‘தே கேவ் ஹிம் டிசி’ என்று சொன்னால் வெளிநாட்டவருக்கு ஒன்றும் விளங்காது. நிர்வாகம் முறையான ஆணை வழியாக நிரந்தரமாக நீக்கியிருந்தால் ‘எக்ஸ்பெல்’ சரியான சொல். சில நாட்களுக்கு மட்டும் தடை என்றால் ‘சஸ்பெண்ட்’. ‘டிஸ்மிஸ்’ என்பதை இங்கே பணியாளர்களுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

‘ரஸ்டிகேட்’டின் வரலாறு சுவையானது. நாட்டுப்புறத்தைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் மாணவனைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஊருக்கு அனுப்பிவைக்கும் தண்டனையைக் குறித்தது. அதாவது திரும்பி வரலாம். இந்திய ஆங்கிலத்தில் அது நிரந்தர நீக்கத்தின் பொருளையும் ஏற்றுக்கொண்டுவிட்டதால், சென்னைக் கல்லூரியில் ஒருவர் ‘ரஸ்டிகேட்டட்’ என்று சொல்லும்போது எத்தனை காலத்துக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது இந்தச் சொல்லைத் தவிர்த்து, நடந்ததை விளக்கமாக எழுதுங்கள்.

‘த்ரோ அவுட்’ பேச்சு வழக்கில் இவை அனைத்துக்கும் பொருந்தும். அலுவல் கடிதத்தில் எதற்கும் பொருந்தாது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வியை, அதாவது எட்டாம் வகுப்பை, முடிக்கும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து ‘எக்ஸ்பெல்’ செய்யக் கூடாது என்கிறது. 2019இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டபோது தேர்ச்சி தொடர்பான பகுதி மாறியது. வெளியேற்றத் தடை அப்படியே நீடிக்கிறது. உங்கள் பிள்ளையை அந்த வயதில் ‘டிசி வாங்கிக்கொண்டு போங்கள்’ என்று அனுப்பினால், கல்வி அதிகாரிக்கு எழுதும் ஆங்கில மனுவில் ‘எக்ஸ்பெல்டு’ என்ற சட்டச் சொல்லையே எழுதுங்கள். ‘த்ரோன் அவுட்’ என்று எழுதினால் வருத்தம் தெரியும். ‘எக்ஸ்பெல்டு’ என்று எழுதினால் சட்டம் மீறப்பட்டது தெரியும்.

9. ‘கிக் அவுட்’, ‘டர்ன் அவுட்’, ‘டிரைவ் அவுட்’, ‘காஸ்ட் அவுட்’ – எல்லாமே வெளியேற்றுவதுதானே? எதை எங்கே போடுவது?

‘கிக் அவுட்’ பொருளில் ‘த்ரோ அவுட்’டை ஒத்தது, இன்னும் சற்றுக் கொச்சையானது, நண்பர்களிடம் பேசும்போது மட்டும் போதும். ‘டர்ன் அவுட்’ வீட்டை விட்டு வெளியேற்றுதல் என்ற பழைய பொருளை இன்னும் வைத்திருக்கிறது என்றாலும், ‘இறுதியில் அப்படி முடிந்தது’ என்ற பொருளிலேயே இன்று பெரிதும் வழங்குவதால் கற்பவர்கள் அதைத் தொடாமல் இருக்கலாம். ‘காஸ்ட் அவுட்’ 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகம மொழிபெயர்ப்பில் பேய்களைத் துரத்துவதற்கு வரும் சொல். சமய மொழிக்கும் உயர்நடைக்கும் உரியது.

‘டிரைவ் அவுட்’ கவனத்துடன் கற்க வேண்டிய வினை. ஆணை போட்டு வெளியேற்றாமல், இருக்க முடியாத நிலையை உண்டாக்கி ஒரு மக்கள் கூட்டத்தையே கிளம்ப வைப்பதை அது குறிக்கும். பர்மாவில் 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தபின் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக்கப்பட்டன. பிழைப்பை இழந்த தமிழர்கள் பெருந்தொகையாகக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள பர்மா பஜார் அவர்களுடைய பிழைப்புக்காக உருவானது. அவர்களைக் குறித்து ‘தே வேர் டிரிவன் அவுட் ஆஃப் பர்மா’ என்பது மிகப் பொருத்தமான வாக்கியம். 1972இல் உகாண்டாவில் இடி அமீன் ஆசியர்களை 90 நாட்களுக்குள் வெளியேறச் சொல்லி ஆணையிட்டதற்கு ‘எக்ஸ்பெல்டு’ என்றோ, பேச்சில் ‘த்ரூ தெம் அவுட்’ என்றோ சொல்வது சரி. முன்னதில் வாழ வழியடைக்கப்பட்டது. பின்னதில் நாள் குறிக்கப்பட்டது. இரண்டும் கொடுமைதான் என்றாலும் நடந்த விதம் வேறு. அந்த வேறுபாட்டை வினை காட்ட வேண்டும்.

10. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். ‘மை ஹவுஸ் ஓனர் த்ரூ மீ அவுட்’ என்று ஆபீசில் சொல்லலாமா?

அவர் சொல்லியிருக்கிறார், நீங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்றால் ‘ஹி ஆஸ்க்டு மீ டு வேகேட்’ என்பதே உண்மை. அவகாசம் தராமல் சாமான்களைத் தெருவில் எடுத்து வைத்திருந்தால், பூட்டை மாற்றியிருந்தால், ‘த்ரூ மீ அவுட்’ என்று தயங்காமல் சொல்லுங்கள். ‘ஹவுஸ் ஓனர்’ நம் ஊர் வழக்கு. பிற நாட்டவரிடம் ‘லேண்ட்லார்டு’ என்றால் உடனே புரியும்.

சட்டத்தின் வழியே வெளியேற்றுவதற்கு ‘எவிக்ட்’ என்று பெயர். தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது; வாடகைதாரர் மறுக்கும்போது வாடகை நீதிமன்றத்தின் ஆணையைப் பெற்றே அவரை வெளியேற்ற முடியும். எனவே ஆணை இருந்தால் ‘எவிக்டட்’, ஆணை இல்லாமல் பலத்தால் நடந்தால் ‘த்ரோன் அவுட்’ என்று பிரித்துக்கொள்வது பொருளுக்கும் நியாயத்துக்கும் நல்லது.

கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டதை அரசு ஆவணங்கள் ‘ரீசெட்டில்மென்ட்’ என்றே குறிப்பிடுகின்றன. மாற்று வீடு தரப்பட்டது என்ற அளவில் அந்தச் சொல் சரி. ஆனால் தன் வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் அருகிலிருந்து பெயர்க்கப்பட்ட ஒருவர் ‘வி வேர் த்ரோன் அவுட்’ என்று சொன்னால், அதை மொழிப்பிழை என்று திருத்த யாருக்கும் உரிமையில்லை. விருப்பத்துக்கு மாறாக என்ற முதல் விடையின் நிபந்தனை அங்கே நிறைவேறியிருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர் அவரே.

11. செய்தித்தாளில் ‘ஹைகோர்ட் த்ரோஸ் அவுட் ப்ளீ’ என்று போடுகிறார்கள். நான் வக்கீல் அலுவலகக் குறிப்பில் அப்படி எழுதினால் சீனியர் கோபிக்கிறார். ஏன்?

தலைப்புக்கு இடம் குறைவு, வேகம் வேண்டும்; ஆகவே நாளேடுகள் அப்படி எழுதுகின்றன. நம் ‘தள்ளுபடி’ என்ற சொல்லிலும் தள்ளுதல் இருப்பதால் அது இயல்பாகவே படுகிறது. ஆனால் அந்த ஒரு சொல், சட்டத்தில் வெவ்வேறாக உள்ள இரண்டு முடிவுகளை ஒன்றாக்கிவிடுகிறது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 7ஆவது கட்டளை, 11ஆவது விதியின் கீழ் வழக்குரையை ஏற்க மறுப்பது ‘ரிஜெக்ட்’. குறையைச் சரிசெய்து மீண்டும் தாக்கல் செய்ய வாய்ப்புண்டு. விசாரித்து முடித்து வழக்கைத் தள்ளுபடி செய்வது ‘டிஸ்மிஸ்’. அதே தரப்பினர் அதே விவகாரத்தை மறுபடி கிளப்ப முடியாதபடி தடை ஏற்படலாம். கட்சிக்காரரின் அடுத்த நடவடிக்கையே இந்த வேறுபாட்டில் தொங்குகிறது. உங்கள் சீனியரின் கோபம் நியாயமானது.

12. சட்டப்பேரவையில் ‘வாக் அவுட்’ என்றும் போடுகிறார்கள், ‘எவிக்டட்’ என்றும் போடுகிறார்கள். ‘த்ரோன் அவுட்’ என்று நான் எழுதினால் கட்சி சார்பு ஆகிவிடுமா?

‘வாக் அவுட்’ உறுப்பினர் தாமாகச் செய்யும் வெளிநடப்பு. 2017 பிப்ரவரி 18 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பின்போது புனித ஜார்ஜ் கோட்டையில் நடந்ததுபோல, பேரவைத் தலைவரின் உத்தரவின்பேரில் அவைக் காவலர்கள் எதிர்க்கட்சி உறுப்பினர்களை வெளியேற்றுவது ‘எவிக்ட்’. அதே நிகழ்ச்சியை ‘த்ரோன் அவுட்’ என்று எழுதினால் பொய்யாகாது. ஆனால் எழுதுபவர் வெளியேற்றப்பட்டவர்களின் பக்கம் நின்று பார்க்கிறார் என்று வாசகர் உணர்வார்.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டதை வரலாற்று நூலில் ‘எக்ஸ்பெல்டு’ என்று எழுத வேண்டும். அன்றைய அவருடைய தொண்டர் ஒருவர் தம் நினைவுகளை ஆங்கிலத்தில் சொல்வதாக இருந்தால் ‘தே த்ரூ ஹிம் அவுட்’ என்பார். அவர் வாயில் ‘எக்ஸ்பெல்டு’ என்ற சொல்லை வைத்தால் உயிர் போய்விடும். நடந்த செயல் ஒன்றே. யார் வாயிலிருந்து வருகிறது என்பதை முடிவுசெய்த பிறகு வினையைத் தேர்ந்தெடுங்கள்.

13. மீட்டிங்கில் மேனேஜர் ‘லெட் மீ த்ரோ அவுட் அன் ஐடியா’ என்றார். யோசனையை நிராகரிக்கிறார் என்று நினைத்து நான் சும்மா இருந்துவிட்டேன்.

உங்கள் குழப்பத்துக்கு ஆங்கிலமே காரணம். ஒரு யோசனையை அனைவர் முன்னும் சும்மா எடுத்துப் போடுவதற்கும், வந்த யோசனையை ஒதுக்கித் தள்ளுவதற்கும் அந்த மொழி இதே வினையையே வைத்திருக்கிறது. யார், எதை என்று பாருங்கள். பேசுபவர் தம்முடைய யோசனையை, அதுவும் ‘அன் ஐடியா’, ‘எ நம்பர்’ என்று புதிதாக அறிமுகம் செய்தால் முன்வைக்கிறார். ‘தி ப்ரொபோசல்’, ‘அவர் பிளான்’ என்று முன்பே பேசப்பட்ட ஒன்றைக் குறித்தால் நிராகரிக்கிறார். ‘த்ரோ இட் அவுட் தேர்’ என்று ‘தேர்’ சேர்ந்தால் எந்த ஐயமும் வேண்டாம், முன்வைத்தல்தான்.

14. குளித்த தண்ணீரோடு குழந்தையையும் வீசுவது என்று ஏதோ சொல்கிறார்களே, அது இந்த வினைதானா?

ஆம், ‘த்ரோ தி பேபி அவுட் வித் தி பாத்வாட்டர்’. வேண்டாததை ஒழிக்கப்போய் வேண்டியதையும் இழப்பதைக் குறிக்கும் இந்த மரபுத்தொடர் ஜெர்மானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஜெர்மானிய மொழியில் 1512ஆம் ஆண்டு நூலொன்றிலேயே காணப்படுகிறது. கேள்வி 3இல் சொன்ன சொல்வரிசைதான் இதிலும் இருக்கிறது.

15. முந்தைய கம்பெனி என்னைத் தூக்கிவிட்டது. இன்டர்வியூவில் இதை எப்படிச் சொல்வது?

‘ஐ வாஸ் த்ரோன் அவுட்’ என்று சொல்லாதீர்கள். கேட்பவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி, நீங்கள் என்ன குற்றம் செய்தீர்கள் என்பதாகத்தான் இருக்கும். நிறுவனம் ஆட்குறைப்புச் செய்ததால் வேலை போயிருந்தால் ‘ஐ வாஸ் லெய்டு ஆஃப்’ என்பதே சரியான சொல். அதில் உங்கள் மீது எந்தப் பழியும் இல்லை. வேலைத்திறன் காரணமாகவோ, காரணத்தை விவரிக்காமலோ அனுப்பியிருந்தால் ‘தே லெட் மீ கோ’ என்பது நாகரிகமானது. ‘ஃபயர்டு’ என்பது உங்கள் தவறுக்காக நீக்கினார்கள் என்று பொருள்படும்.

மிரட்டி ராஜினாமா கடிதம் வாங்கியிருந்தால் நிலைமை சிக்கலானது. காகிதத்தில் நீங்கள் ‘ரிசைன்டு’. உண்மையில் விருப்பத்துக்கு மாறாக வெளியேற்றப்பட்டவர். நேர்முகத் தேர்வில் ‘ஐ வாஸ் ஆஸ்க்டு டு ரிசைன்’ என்று சொன்னால் கடிதத்துக்கும் முரணாகாது, உண்மைக்கும் முரணாகாது. அதே விவகாரத்தைத் தொழிலாளர் அலுவலரிடம் கொண்டுபோகும்போது ‘ஃபோர்ஸ்டு டு ரிசைன்’ என்று எழுதி, எந்த நாளில், எந்த அறையில், யார் என்ன சொன்னார் என்பதை அடுத்த வரியிலேயே குறிப்பிடுங்கள்.